வெளிநாட்டுச் சீன மாணவர்களும் அரசுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1989 ஜூனில் பீஜிங்கின் தியானன்மென் சதுக்கத்து மாணவர் போராட்டத்தை ராணுவம் நசுக்கியது பற்றி எங்கே பேசினாலும், பேச்சு முடிந்து டீ குடிக்கும் நேரத்தில்தான் அசல் கேள்விகள் வருகின்றன. அவற்றில் பாதிக்கு மேல் சதுக்கத்தில் நின்றவர்களைப் பற்றியவை அல்ல. அப்போது சிகாகோவிலும் சிட்னியிலும் படித்துக்கொண்டிருந்த சீன மாணவர்கள் என்ன ஆனார்கள், அவர்களை அவர்களது அரசு என்ன செய்தது, படிக்கப் போன நாட்டு அரசு என்ன செய்தது என்றுதான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே வைத்திருக்கிறேன். ஒரு பதில் இன்னொன்றைச் சுட்டும் என்பதால் எண் போட்டிருக்கிறேன்.

1. சீன மாணவர் சங்கம்னு சொல்றீங்களே, அது நம்ம தமிழ்ச் சங்கம் மாதிரியா?

பார்வைக்கு அப்படித்தான். புதிதாக வரும் மாணவரை விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவருவது, வாடகை அறை பிடித்துத் தருவது, வசந்த விழாவுக்கு மேடை போடுவது எல்லாம் அவர்கள் வேலை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் ‘சீன மாணவர் மற்றும் அறிஞர் சங்கம்’ என்ற ஒரே பெயரில் தனித்தனியாக இயங்குகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. சீனத் தூதரகங்களில் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாணவர் சங்கங்களோடு தொடர்பு வைத்திருப்பது அதன் அன்றாட வேலை. சில சங்கங்கள் தூதரகத்தின் வழிகாட்டலில் நடப்பதாகத் தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருந்தன. சிலவற்றுக்கு விழாச் செலவுக்குப் பணமும் வந்திருக்கிறது. நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு இந்தியத் தூதரக அதிகாரி வந்தால் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடுவோம். அங்கே உறவு அதோடு நிற்பதில்லை.

2. சீனா எப்போ மாணவர்களை வெளியே அனுப்ப ஆரம்பிச்சுது?

முதல் முயற்சி 1872-ல். சிங் வம்ச அரசு நாலு தவணையாக 120 சிறுவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பையன்கள் பேஸ்பால் ஆடுகிறார்கள், தேவாலயத்துக்குப் போகிறார்கள், (ஆண்களுக்கு அன்று கட்டாயமாயிருந்த) சடையை மறைக்கிறார்கள் என்று புகார் மேல் புகார் போய், 1881-ல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ‘படிப்பு வேண்டும், பழக்கம் வேண்டாம்’ என்ற கவலை அன்றே தொடங்கிவிட்டது.

இன்றைய அலைக்குத் தொடக்கம் 1978. மாணவர்களைப் பத்துப் பேர் இருபது பேராக அல்ல, ஆயிரக்கணக்கில் அனுப்ப வேண்டும் என்று அந்த ஜூனில் சீனத் தலைவர் டெங் சியாவ்பிங் சொன்னார். டிசம்பர் கடைசியில் 52 பேர் அமெரிக்காவில் இறங்கினார்கள். இரு நாடுகளுக்கும் முறையான தூதரக உறவு வந்ததே 1979 ஜனவரி 1-ல்தான். தூதரகத்துக்கு முன்னால் மாணவர்கள் போய்விட்டார்கள்.

3. 1989-க்கு முன்னாடி இவங்க வாயே திறக்கலையா?

திறந்தார்கள். 1982-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிய வாங் பிங்ஜாங் நியூயார்க்கில் ‘சீன வசந்தம்’ என்ற எதிர்ப்பு இதழைத் தொடங்கினார். 1987 ஜனவரியில் சீர்திருத்தவாதி ஹூ யாவ்பாங் கம்யூனிஸ்ட் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது அமெரிக்காவிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீன மாணவர்கள் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நூற்றுக்கணக்கானோர் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டார்கள். ஊரில் அம்மா அப்பா இருக்கும்போது சொந்தப் பெயரைப் போடுவது சின்ன விஷயமில்லை.

அதே மாதம் அரிசோனா பல்கலைக்கழக மாணவர் யாங் வெய், ஊருக்குப் போயிருந்த இடத்தில் ஷாங்காயில் கைதானார். ஆண்டுக் கடைசியில் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை. வெளிநாட்டில் எதிர்ப்புக் குழுவோடு தொடர்பு வைத்திருந்ததும் குற்றச்சாட்டில் அடக்கம். நான் இங்கே பேசினால் அங்கே பிடிப்பார்களா என்ற கேள்விக்கு மாணவர்களுக்கு 1987-லேயே பதில் கிடைத்துவிட்டது.

4. சரி, 1989 ஜூன்ல வெளிநாட்டு மாணவர்கள் என்ன பண்ணாங்க? ஊர்வலம் போனாங்க, அவ்வளவுதானே?

ஹூ யாவ்பாங் இறந்தது ஏப்ரல் 15. அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடிய கூட்டம்தான் போராட்டமானது. மே 20-ல் பீஜிங்கில் ராணுவச் சட்டம். ஜூன் 3 இரவும் 4 காலையும் துப்பாக்கிச் சூடு. இந்த ஏழு வாரமும் வெளிநாட்டு மாணவர்கள் ஊர்வலம் போனார்கள், பணம் திரட்டி அனுப்பினார்கள். அதைவிட முக்கியமாக, செய்தி அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்ததை வெட்டி ஒட்டி, சீனாவில் கையில் கிடைத்த அலுவலக ஃபேக்ஸ் எண்களுக்கெல்லாம் தள்ளினார்கள். ஹோட்டல், தொழிற்சாலை, அரசு அலுவலகம் என்று பார்க்கவில்லை. அந்த வசந்த காலத்தில்தான் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த சில மாணவர்கள் மின்னஞ்சல் வழியாகச் ‘சீனச் செய்தித் தொகுப்பு’ நடத்தத் தொடங்கியிருந்தார்கள். மின்னஞ்சல் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாத காலம் அது.

ஜூலை கடைசியில் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் பிரதிநிதிகள் சிகாகோவில் கூடி, ‘சீன மாணவர் அறிஞர் சுயேச்சைக் கூட்டமைப்பு’ ஒன்றை அமைத்தார்கள். ‘சுயேச்சை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் பதிலில் சொன்ன கல்விப் பிரிவிலிருந்து விலகி நிற்கிறோம் என்பதற்காகவே அந்தச் சொல்.

5. தூதரகம் சும்மாவா இருந்துச்சு?

தூதரகத்தின் கையில் இருந்த பெரிய ஆயுதம் பாஸ்போர்ட். அரசுச் செலவில் வந்தவர், சொந்தச் செலவில் வந்தவர் யாராயிருந்தாலும் காலாவதி தேதி ஒன்று உண்டு. நீட்டிக்கப் போனால் ஜூனில் எங்கே இருந்தாய், எந்தக் கூட்டத்துக்குப் போனாய் என்று கேள்வி வருவதாகவும், ஊரில் பெற்றோரிடம் ஆள் போய்ப் பேசுவதாகவும் மாணவர்கள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முறையிட்டார்கள். ஊர்வலத்தில் தூதரகத்து ஆள் படம் எடுக்கிறார் என்ற பயத்தில் பலர் முகமூடியும் காகிதப் பையும் மாட்டிக்கொண்டு நடந்தார்கள்.

புதிதாகப் போக நினைத்தவர்களுக்கும் கதவு குறுகியது. சீனாவில் பட்டம் பெற்றவர் ஐந்து ஆண்டு உள்நாட்டில் வேலை பார்த்த பிறகே சொந்தச் செலவில் வெளிநாடு போகலாம், இல்லையென்றால் படிக்கவைத்த செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று 1990-ல் விதி வந்தது. வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்களுக்குச் சலுகை இருந்தது.

6. பெலோசி மசோதா, பெலோசி மசோதாங்கறாங்களே, அதுல என்ன இருந்துச்சு?

அதைப் புரிந்துகொள்ள ஜே-1 விசாவைப் புரிந்துகொள்ள வேண்டும். பரிமாற்றத் திட்டத்தில் அமெரிக்கா வரும் மாணவருக்குத் தரும் விசா அது. அதில் பலருக்கு, படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டு இருந்தே ஆக வேண்டும், அதன் பிறகுதான் வேறு விசாவோ கிரீன் கார்டோ கேட்கலாம் என்ற நிபந்தனை ஒட்டியிருக்கும். நம் ஊர் மருத்துவர்கள் பலருக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரியும். 1989-ல் சீன மாணவருக்கு அதன் பொருள், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கும் அதே அரசிடம் போய் இரண்டு ஆண்டு இரு என்பது.

சான்பிரான்சிஸ்கோவிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வாகி இரண்டே ஆண்டு ஆகியிருந்த நான்சி பெலோசி, அந்த நிபந்தனையைச் சீன மாணவர்களுக்கு நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அந்தச் சபையில் 403-க்கு 0. எதிர்த்து ஓர் ஓட்டுக்கூட இல்லை. அப்போது அமெரிக்காவில் சுமார் 40,000 சீன மாணவர்கள் இருப்பதாக அந்த விவாதங்களில் பேசப்பட்டது.

7. எல்லாரும் ஓட்டுப் போட்டதை அப்பா புஷ் ஏன் தடுத்தார்? சீனாவுக்கு பயமா?

அன்றைய அதிபர் புஷ் 1974-75-ல் பீஜிங்கில் அமெரிக்கத் தொடர்பு அலுவலகத் தலைவராக இருந்தவர். சீனாவைத் தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு அளவுக்கு மீறியே இருந்தது. ஜூன் 5-லேயே ராணுவ விற்பனையை நிறுத்தினார், மாணவர்கள் தங்குவதற்கான கால நீட்டிப்பைப் பரிவோடு பார்க்கச் சொன்னார். ஆனால் சட்டமாகப் போட்டால் பீஜிங் மாணவர்களை அனுப்புவதையே நிறுத்திவிடும், நிர்வாக ஆணையாகச் செய்தால் அதே பலன் கிடைக்கும், உறவும் கெடாது என்பது அவர் வாதம். நவம்பர் 30-ல் மசோதாவை நிராகரித்து, அதே சலுகைகளைத் தன் அதிகாரத்தில் தருவதாக அறிவித்தார்.

மாணவர்கள் கேட்ட எதிர்க்கேள்வி சுருக்கமானது: நீங்கள் ஒரு பேனாவால் கொடுத்ததை, நாளைக்கு இன்னொரு பேனா எடுத்துவிட்டால்? எனக்கு அவர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. அந்த டிசம்பரில் பாதுகாப்பு ஆலோசகர் ஸ்கௌக்ராஃப்ட் பீஜிங் போய் விருந்தில் கோப்பை உயர்த்தியது ஊருக்கே தெரிந்தது. ஜூலையிலேயே அவர் ரகசியமாக ஒருமுறை போய்வந்திருந்தார் என்பதும் அடுத்த சில நாட்களில் வெளியே வந்தது. வெளியே கண்டனம், உள்ளே கைகுலுக்கல். இதற்குப் பிறகு ‘என்னை நம்புங்கள்’ என்பது எடுபடுமா?

அதிபரின் நிராகரிப்பை, அதாவது வீட்டோவை, இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் முறியடிக்கலாம். அந்த வாக்கெடுப்பு 1990 ஜனவரியில் வந்தது. மாணவர்கள் வாஷிங்டனில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். ஓட்டுரிமை இல்லாத, அரசியல் பழகாத அறிவியல் மாணவர்கள் அவர்கள். 24-ம் தேதி பிரதிநிதிகள் சபையில் 390-க்கு 25 என்று வென்றார்கள். மறுநாள் செனட்டில் 62-க்கு 37. மூன்றில் இரண்டு பங்குக்கு நாலு ஓட்டு குறைவு. புஷ் தன் கட்சி செனட்டர்களை நேரில் பேசிப் பிடித்து வைத்திருந்தார்.

8. அப்போ மாணவர்கள் தோத்துட்டாங்களா?

ஓட்டில் தோற்றார்கள், காரியத்தில் இல்லை. இத்தனை நெருக்கமான வாக்கெடுப்புக்குப் பிறகு வாய்மொழி போதாது என்றாகி, 1990 ஏப்ரல் 11-ல் புஷ் முறையான நிர்வாக ஆணை போட்டார். எண் 12711. அதன்படி 1994 ஜனவரி 1 வரை யாரையும் கட்டாயமாக அனுப்ப மாட்டார்கள், வேலை பார்க்கலாம், இரண்டு ஆண்டு நிபந்தனை இல்லை. ஐந்தாவது பதிலில் சொன்ன ஆயுதத்தின் முனையை மழுக்கிய வரி ஒன்றும் உண்டு: செல்லுபடியாகும் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது.

9. கடைசியில எத்தனை பேருக்கு கிரீன் கார்டு? நம்ம ஆளுங்க வரிசையில நிக்க இதுவும் காரணமா?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்லை. கேட்பவர் பெரும்பாலும் பத்து வருடமாக வரிசையில் நிற்பவராக இருப்பார்.

1992 அக்டோபர் 9-ல் ‘சீன மாணவர் பாதுகாப்புச் சட்டம்’ வந்தது. கையெழுத்திட்டவர் அதே புஷ். 1989 ஜூன் 4-க்கும் 1990 ஏப்ரல் 11-க்கும் இடையில் அமெரிக்காவில் இருந்த சீனக் குடிமக்கள் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) கேட்கலாம். இடையில் 90 நாளுக்கு மேல் சீனாவில் போய் இருந்திருக்கக் கூடாது. பெயரில்தான் மாணவர், மாணவர் அட்டையைச் சட்டம் கேட்கவில்லை. 1993 ஜூலையிலிருந்து ஓராண்டு விண்ணப்ப காலம். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பயனடைந்தார்கள்.

இந்திய வரிசையிலிருந்து எதுவும் போகவில்லை. கூடுதலாகக் கொடுத்ததைச் சீனாவின் பங்கிலிருந்தே ஆண்டுக்கு 1,000 வீதம் கழிக்கச் சொன்னது சட்டம்: வேலைவாய்ப்பு மூன்றாம் பிரிவில் 700, முதலீட்டாளர் பிரிவில் 300. அதாவது 1989-ல் தங்கியவருக்குக் கொடுத்ததை, பின்னால் வந்த சீனர்கள் பல ஆண்டு தவணையில் அடைத்தார்கள். அந்தத் தவணை கட்டியவர்களில் பலர் 1989-ல் பிறந்தே இருக்கவில்லை.

10. ஆஸ்திரேலியாவுல பிரதமரே அழுதாராமே, நிஜமா?

நிஜம். 1989 ஜூன் 9-ல் கான்பெரா நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில், நடந்ததை விவரிக்கும் தூதரகச் செய்தியைப் படிக்கும்போது பாப் ஹாக் உடைந்து அழுதார். சீன மாணவர்கள் யாரும் விருப்பமில்லாமல் திரும்ப வேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டார். அமைச்சரவையிடம் கேட்கவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் அதிகாரிகள் ‘அப்படிச் செய்ய முடியாது’ என்றார்களாம், செய்தாகிவிட்டது என்றாராம். இதை அவரே பின்னாளில் பேட்டியில் சொன்னார்.

அழுகைக்குப் பின் வந்த கோப்பு வேலைக்கு நாலு ஆண்டு பிடித்தது. முதலில் தற்காலிக அனுமதி, பிறகு 1993 நவம்பர் 1-ல் அடுத்த பிரதமர் கீட்டிங்கின் அரசு தந்த நிரந்தர அனுமதி. குடும்பத்தாரையும் சேர்த்துச் சுமார் 42,000 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அமெரிக்காவில் நாடாளுமன்றம் தள்ளித் தலைவர் அசைந்தார். இங்கே தலைவர் முந்திக்கொள்ள, அரசாங்கம் பின்னால் ஓடியது.

11. ஊருக்குத் திரும்பினவங்களை சீனா தண்டிச்சுதா?

1987 கதை மூன்றாவது பதிலில் இருக்கிறது. 1989-க்குப் பிறகு முதலில் கடுமை, பிறகு கணக்குப் பார்த்துச் செய்த சமரசம். படித்த கூட்டம் மொத்தமாகக் கையை விட்டுப் போகிறது என்று பீஜிங்குக்குப் புரிந்தது. 1992 தொடக்கத்தில் தெற்குப் பயணத்தின்போது டெங், முன்பு என்ன அரசியல் நிலைப்பாடு எடுத்திருந்தாலும் வெளிநாட்டில் படித்தவர்கள் திரும்பி வரலாம், தகுந்த வேலை தருவோம் என்றார். அந்த ஆகஸ்டில் அது அரசுச் சுற்றறிக்கையானது. 1993-ல் ‘வெளிநாட்டுப் படிப்பை ஆதரிப்போம், திரும்ப ஊக்குவிப்போம், வரப்போகச் சுதந்திரம்’ என்று பன்னிரண்டே எழுத்தில் கொள்கையாகவும் ஆனது.

மன்னிப்பு எல்லோருக்கும் இல்லை. எதிர்ப்பு அமைப்பை விட்டு விலகியவருக்குத்தான். அமைப்பாளர்களுக்குக் கதவு மூடியே இருந்தது. பெற்றோர் சாவுக்குக்கூடப் போக முடியாதவர்கள் உண்டு. வாங் பிங்ஜாங் 2002-ல் வியட்நாமில் கடத்தப்பட்டுச் சீனாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். 2003-ல் ஆயுள் தண்டனை.

12. அன்னிக்கு எதிர்த்து நின்ன அதே சங்கங்கள் இன்னிக்கு தூதரகம் பக்கம் நிக்குதே, எப்படி?

என்னைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்திலேயே சுவாரசியமான கேள்வி இது. கிரீன் கார்டு கொடுத்ததுதான் ஒரு காரணம் என்றால் பலர் முறைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பாதுகாப்புக் கிடைத்த தலைமுறை வேலைக்குப் போனது, வீடு வாங்கியது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது. மாணவர் சங்கத்தில் அவர்களுக்கு இனி இடம் இல்லை. சுயேச்சைக் கூட்டமைப்பு மெல்ல மங்கியது. காலியான நாற்காலிகளில் அடுத்து வந்து உட்கார்ந்தவர்கள், தொண்ணூறுகளின் தேசப்பற்றுப் பாடத்திட்டத்தில் வளர்ந்தவர்கள். நாடு பணக்கார நாடாவதைக் கண்ணால் பார்த்தவர்கள். ஜூன் 4 பற்றி அவர்கள் பாடப்புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

தூதரகம் பொறுமையாகக் காத்திருந்தது. விழாவுக்குப் பணம், வேலைவாய்ப்புச் சந்தைக்குத் தொடர்பு, ஆபத்தென்றால் உதவி. பயம் காட்டுவதைவிட இது நன்றாக வேலை செய்தது. 2016-ல் சீனக் கல்வி அமைச்சகம் வெளிநாட்டு மாணவர்களுக்கான தேசப்பற்றுக் கல்வி பற்றி வெளியிட்ட உத்தரவு, தாய்நாடு, தூதரகம், மாணவர் அமைப்பு, மாணவர் என்று தொடர்புச் சங்கிலி வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டது.

13. ஒலிம்பிக் தீபம், ஹாங்காங் போராட்டம்னு வந்தப்போ கொடி பிடிச்சாங்களே, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த கூட்டமா?

‘காசுக்கு வந்தவர்கள்’ என்பது சோம்பேறிப் பதில். 2008 ஏப்ரல் 24-ல் பீஜிங் ஒலிம்பிக் தீபம் கான்பெரா வந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் மற்ற நகரங்களிலிருந்து பஸ்ஸில் வந்தார்கள். ஏற்பாட்டில் தூதரகத்தின் கை இருந்தது. ஆனால் பஸ் கொடுக்கலாம், கோபத்தை வாடகைக்கு எடுக்க முடியாது. திபெத் பற்றி வெளிநாட்டு ஊடகங்கள் எழுதியதில் அவர்களுக்கு உண்மையாகவே ஆத்திரம்.

2019 ஜூலை 24-ல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஹாங்காங்கின் ஜனநாயகப் போராட்டத்தை ஆதரித்த மாணவர்களுக்கும் சீன மாணவர்களுக்கும் கைகலப்பு. பிரிஸ்பேன் சீனத் துணைத் தூதரகம் தன் மாணவர்களின் ‘தன்னெழுச்சியான தேசப்பற்றை’ப் பாராட்டியது. அப்போதைய ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் மரீஸ் பெய்ன், பேச்சுரிமையைக் கெடுக்கும் செயலை வெளிநாட்டுத் தூதர்கள் ஊக்குவிக்கக் கூடாது என்று எச்சரித்தார். அதே ஆண்டு கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், சீனாவின் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர் மக்களின் செயற்பாட்டாளர் ஒருவரின் உரையைப் பற்றித் துணைத் தூதரகத்துக்குத் தகவல் கொடுத்ததற்காகச் சீன மாணவர் சங்கத்தின் அங்கீகாரத்தையே மாணவர் பேரவை பறித்தது. கொடி பிடிப்பது கருத்து. சக மாணவரைப் பற்றித் தூதரகத்துக்குச் சொல்வது வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் விவாதம் குழம்புகிறது.

14. பீஜிங் மட்டும்தான் இப்படியா?

இல்லை. தைவானில் 1949 முதல் 1987 வரை ராணுவச் சட்டம். அங்கே ஆண்ட கோமிண்டாங் கட்சியின் அரசு அமெரிக்க வளாகங்களில் தைவான் மாணவர்களுக்கு நடுவே உளவு சொல்ல ஆள் வைத்திருந்தது. கறுப்புப் பட்டியலில் ஏறியவர்கள் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்ப முடியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் சென் வென்செங் 1981-ல் விடுமுறைக்குத் தைவான் போனார். ஜூலை 2-ல் பாதுகாப்புப் படை விசாரணைக்கு அழைத்துப் போனது. அமெரிக்காவில் அவர் என்ன செய்தார் என்பதே கேள்விகள். மறுநாள் தேசியத் தைவான் பல்கலைக்கழக வளாகத்தில் பிணமாகக் கிடந்தார். அமெரிக்க நாடாளுமன்றம் இதற்காக விசாரணையே நடத்தியது.

15. அமெரிக்கா மட்டும் யோக்கியமா?

1949-ல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்தபோது அமெரிக்காவில் சுமார் 5,000 சீன மாணவர்கள் கையில் பணமின்றி நின்றார்கள். முதலில் உதவித்தொகை கொடுத்தார்கள். கொரியப் போர் வந்ததும் தொழில்நுட்பம் படித்தவர்கள் சீனாவுக்குத் திரும்பக் கூடாது என்று தடுத்தார்கள். ராக்கெட் விஞ்ஞானி சியன் ஷ்வேசன் ஐந்து ஆண்டு கண்காணிப்பில் கிடந்தார். 1989-ல் ‘போகாதே’ என்பது பாதுகாப்பு. 1950-ல் அதே ‘போகாதே’ சிறை.

இதில் நமக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு. 1955 செப்டம்பர் 10-ல் ஜெனீவாவில் இரு நாட்டுத் தூதர்களும் செய்த உடன்பாட்டில், திரும்ப விரும்பும் சீனர் தடுக்கப்பட்டால் வாஷிங்டனிலுள்ள இந்தியத் தூதரகத்திடம் முறையிடலாம் என்று எழுதினார்கள். அப்போது பீஜிங்குக்கு அங்கே தூதரகம் கிடையாதே. சியன் அடுத்த வாரமே கப்பலேறினார். சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை என்று பின்னால் பெயர் வாங்கினார்.

16. என் ஹாஸ்டல்ல பக்கத்து ரூம்ல சீனப் பையன் இருக்கான். இதெல்லாம் அவன்கிட்ட கேட்கலாமா?

பலர் முன்னால் கேட்காதீர்கள். வகுப்பில், விருந்தில், குரூப் சாட்டில் கேட்டால், அவர் சொல்வதை விட யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர் மனதில் ஓடும். வெளிநாட்டில் படித்தபோது போட்ட ட்விட்டர் பதிவுகளுக்காக ஊருக்குப் போன இடத்தில் ஆறு மாதச் சிறை பெற்ற மாணவர் உண்டு. 2022 கடைசியில் கோவிட் கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சீனாவில் வெற்றுத் தாளைப் பிடித்து நடந்த வெள்ளைத்தாள் போராட்டத்தை ஆதரித்து உலகெங்கும் வளாகங்களில் சீன மாணவர்கள் கூடியபோதும், முப்பது ஆண்டுக்கு முந்தைய முகமூடிகளைப் போலவே பலர் முகத்தை மறைத்திருந்தார்கள்.

தனியாக நடக்கும்போது, அவராகப் பேச்சை எடுத்தால் கேளுங்கள். போனை அறையில் வைத்துவிட்டு வரலாமா என்று அவர் கேட்டால் ஏன் என்று கேட்க வேண்டாம், நீங்களும் வைத்துவிட்டுப் போங்கள்.